பூக்கும் வாரத்து வெயிலும் நெல்லின் இலாப நட்டமும்

நெல்லைப் பற்றி இந்தப் பத்தியில் எழுதும்போதெல்லாம் விலையைப் பற்றித்தான் எழுத நேர்கிறது. அரசாங்கம் உத்தரவாத விலையை அறிவித்ததா, நெல் சந்தைப்படுத்தல் சபை களஞ்சியத்தைத் திறந்ததா, ஆலைக்காரர் என்ன விலைக்கு எடுக்கிறார், இறக்குமதி அரிசி எப்போது துறைமுகத்தில் இறங்குகிறது என்பனவே எமது வழமையான விவாதங்கள். விலை முக்கியம்தான். ஆனால் விற்பதற்கு வயலில் எவ்வளவு நெல் மணி பிடித்தது என்ற கேள்வி அதற்கு முன்னால் நிற்கிறது. அக்கேள்விக்கு விடை தேடும்போது தண்ணீரையும் உரத்தையும் பூச்சியையும் கணக்கில் எடுக்கிறோம். வெப்பத்தை எடுப்பதில்லை. இவ்வாரம் அதனைப் பற்றியே எழுத விரும்புகிறேன்.

வெள்ளம் வந்தால் ஊரே பார்க்கிறது. வரட்சி வந்தால் நிலம் வெடித்துக் கிடப்பதைப் பத்திரிகைகள் படம் பிடித்துப் போடுகின்றன. யானை இறங்கினால் மிதித்த தடமாவது மிஞ்சுகிறது. வெப்பம் அப்படிப்பட்டதல்ல. வெப்பத்தால் பாதிக்கப்பட்ட வயல் பச்சைப் பசேல் என்று நிற்கும். கதிரும் ஒழுங்காக வெளிவந்திருக்கும். வரம்பில் நின்று பார்ப்பவருக்கு நல்ல வேளாண்மையாகவே தெரியும். வெட்டு மெசின் வயலில் இறங்கிய பிறகுதான் விடயம் வெளியாகும். மூடை எதிர்பார்த்த அளவுக்குச் சேராது. சேர்ந்ததையும் கையில் அள்ளினால் பாதி பதராக இருக்கும்.

அம்பாறை மாவட்டத்துக் கரையோர ஊரொன்றில், ஒரு சிறுபோக அறுவடைக் காலத்தில், நெல் ஆலை முற்றத்தில் நான் கேட்ட பேச்சு இது. ஆலைக்காரர் இளைஞர். நெல் கொண்டுவந்தவர் அறுபதைக் கடந்தவர்.

"என்ன காக்கா, பயிர் நல்லா நிக்கிது எண்டுதானே சொன்னீங்க. அள்ளிப் பாத்தா காத்து மாதிரிக் கிடக்கு."

"நான் என்ன தம்பி செய்ய? வயலப் பாக்கக்குள்ள நல்லாத்தான் நிண்டது."

இருவர் சொன்னதும் உண்மை. ஆனாலும் அன்று மூடைக்கு இத்தனை கிலோ என்று கழிவு வைக்கப்பட்டது. கழிவு போன பணம் ஒருவருடையது மட்டும்தான். வியாபாரத்தில் ஒரு நட்டத்துக்குப் பெயர் இல்லாவிட்டால் அந்த நட்டம் பேரம் பேச வலுக் குறைந்தவர் தலையில் போய் விழும். வெப்பத்தினால் வரும் நட்டம் இன்று அந்த நிலையிலேயே இருக்கிறது. ஆகவே அது எங்கே, எப்படி நிகழ்கிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

நெற்பயிர் பொதுவாக வெயிலை விரும்பும் பயிர். முளைத்து வளர்ந்து மட்டம் வெடிக்கும் காலத்தில் 35 பாகை செல்சியஸ் வெப்பத்தைக் கூடத் தண்ணீர் இருந்தால் சமாளித்துக்கொள்ளும். அது பலவீனப்படும் காலம் மிகக் குறுகியது. கதிர் வெளிவந்து பூக்கும் அந்தச் சில நாட்களே அது. எமது போன்ற வெப்ப வலய நாடுகளில் நெற்பூ காலை ஒன்பது மணிக்குப் பின்னர் மலரத் தொடங்கி நண்பகலுக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். ஒரு பூ திறந்திருப்பது ஏறத்தாழ ஒரு மணித்தியாலம்தான். அந்த நேரத்துக்குள் மகரந்தப் பை வெடிக்க வேண்டும், மகரந்தம் சூலகமுடியில் விழ வேண்டும், விழுந்தது முளைத்து உள்ளே இறங்க வேண்டும். எல்லாம் நடந்து முடிந்தால் அந்த உமிக்குள் ஒரு மணி பிடிக்கும். நடக்காவிட்டால் உமி மட்டும் மூடிக்கொள்ளும். அடுத்த நாள் இன்னொரு வாய்ப்பு அந்தப் பூவுக்குக் கிடையாது.

வெப்பம் கை வைப்பது இந்த இடத்தில்தான். மகரந்தப் பை சரியாக வெடிப்பதில்லை. வெடித்தாலும் மகரந்தம் போதிய அளவு விழுவதில்லை. விழுந்தாலும் முளைப்பதில்லை. 2007ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, பூவின் வெப்பநிலை 33.7 பாகைக்கு மேல் ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவான நேரம் இருந்தாலே மலடு ஏற்படலாம் என்று காட்டியது. நாள் முழுவதும் கொளுத்த வேண்டியதில்லை, காலைப் பத்து பதினொரு மணி வெயில் போதும். அதே பூ மலர்ந்து ஒரு மணித்தியாலம் கடந்த பிறகு அதைவிடக் கடுமையான வெயில் வந்தாலும் மணி பிடிப்பதை அது பெரிதாகப் பாதிப்பதில்லை. எனவே "இந்த வருஷம் வெயில் கூட" என்ற பேச்சில் வியாபாரிக்கோ விவசாயிக்கோ பயனில்லை. வெயில் எந்த வாரத்தில், எந்த நேரத்தில் கூடியது என்பதுதான் பணத்தைத் தீர்மானிக்கிறது. பூப்பதற்கு ஒன்பது பத்து நாட்களுக்கு முன்னர், கதிர் இன்னும் குடலைக்குள் இருந்து மகரந்தம் உருவாகும் கட்டமும் ஓரளவு இதே போன்று மென்மையானதுதான். ஆயினும் பூக்கும் நேரமே முதலிடத்தில் நிற்கிறது.

இன்னொரு விடயம் எம்மவர்கள் பலருக்குப் புதிதாக இருக்கலாம். வெப்பமானியில் தெரியும் காற்றின் வெப்பமும் கதிரின் வெப்பமும் ஒன்றல்ல. பயிர் வியர்க்கிறது. வேரால் உறிஞ்சிய நீரை ஆவியாக வெளிவிட்டுத் தன்னைக் குளிர்த்திக்கொள்கிறது. அவுஸ்திரேலியாவின் ரிவரினா பிரதேசத்தில் காற்று மிகவும் உலர்ந்தது. அங்கே காற்று 34.5 பாகையாக இருந்தபோது நெற்கதிர் அதைவிட ஏறத்தாழ 7 பாகை குளிர்ந்திருந்ததை ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். காற்றில் ஈரப்பதன் கூடினால் இந்த வியர்வை வேலை செய்யாது. நாம் புழுக்கத்தில் படும் அவதியைப் பயிரும் படுகிறது. எமது நாட்டு நெல் ஆராய்ச்சியாளர் வீரக்கோன் ஜப்பானிய ஆய்வாளர்களுடன் சேர்ந்து 2008இல் வெளியிட்ட ஆய்வின் முடிவும் இதுதான். வெப்பமும் ஈரப்பதனும் ஒன்றாகக் கூடும்போதே மலட்டுத்தன்மை மோசமாகிறது.

கிழக்கில் சிறுபோகப் பயிர் பூக்கும் காலம் கச்சான் காற்று வீசும் காலம். (கச்சான் என்றதும் வறுத்த கடலையை நினைப்பவர்கள் மன்னிக்கவும், இது மேற்கிலிருந்து மலையைக் கடந்து வரும் வரண்ட சுடுகாற்று.) கச்சானைத் திட்டாத விவசாயி இல்லை. ஆனால் வயலில் தண்ணீர் நிற்குமானால் உலர்ந்த காற்றில் பயிர் வியர்த்துத் தப்பிக்க ஒரு வழி இருக்கிறது. வயல் காய்ந்து கிடக்கும்போது கச்சான் அடித்தால் அந்த வழி அடைபட்டுவிடும். காற்று நின்று, கடலோரப் புழுக்கம் ஏறிய நாட்களில் தண்ணீர் இருந்தும் முழுப் பயன் கிடைக்காது. ஆக, ஒரே வட்டைக்குள், ஒரே வெயிலில், வாய்க்கால் தலைப்பில் உள்ளவருக்கும் கடைக்கோடியில் உள்ளவருக்கும் விளைச்சல் வேறுபடுவதில் ஆச்சரியமில்லை. கடைக்கோடிக்காரர் உரத்தில் குறை வைத்தார் என்று சொல்வதற்கு முன்னர், பூத்த வாரத்தில் அவருடைய தண்ணீர் முறை எந்த நாளில் வந்தது என்று கேட்க வேண்டும்.

இனி இதனை ரூபாவில் பார்ப்போம். ஒரு கணக்குக்காக, ஏக்கருக்கு 2,000 கிலோ நெல் எதிர்பார்க்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். 2025 பெப்ரவரியில் அரசாங்கம் அறிவித்த உத்தரவாத விலை நாட்டு நெல் கிலோவுக்கு 120 ரூபா, சம்பாவுக்கு 125 ரூபா, கீரிச் சம்பாவுக்கு 132 ரூபா. நாட்டு விலைப்படி மொத்த வருமானம் 240,000 ரூபா. உழவு, விதை, உரம், களைநாசினி, கூலி, வெட்டு மெசின், குத்தகை எல்லாம் சேர்த்து 180,000 ரூபா செலவு என்று கொள்வோம். மிச்சம் 60,000 ரூபா. பத்து மணியில் ஒரு மணி பதராகப் போனால் 200 கிலோ இழப்பு, அதாவது 24,000 ரூபா. செலவில் ஒரு சதமும் குறையாது. பதருக்கும் உரம் போட்டாயிற்று, தண்ணீர் பாய்ச்சியாயிற்று, மெசின்காரருக்கு ஏக்கர் கணக்கில் பணமும் கொடுத்தாயிற்று. எனவே விளைச்சலில் 10 வீத இழப்பு இலாபத்தில் 40 வீத இழப்பாகிறது. நான்கில் ஒன்று பதரானால் இலாபம் முழுவதும் தீர்ந்து மனைவியின் நகையை மீட்ட முடியாமல் போகிறது. செலவுக் கணக்கு ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒவ்வொருவரும் தம்முடைய எண்களைப் போட்டுப் பார்க்கட்டும். விகிதம் எல்லோரையும் ஏறக்குறைய ஒரே இடத்துக்குக் கொண்டுவரும்.

இது பகல் வெப்பத்தின் கதை. இரவு வெப்பத்துக்குத் தனிக் கதை உண்டு. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் பண்ணையில் 1979 முதல் 2003 வரை எடுத்த வெப்பநிலைப் பதிவுகள் 2004இல் வெளியாயின. அந்த இருபத்தைந்து ஆண்டுகளில் பகலின் உச்ச வெப்பநிலை 0.35 பாகையே கூடியிருந்தது. இரவின் குறைந்த வெப்பநிலையோ 1.13 பாகை கூடியிருந்தது. வரட்சிப் பருவத்தில் இரவு வெப்பநிலை 1 பாகை கூடும்போது விளைச்சல் 10 வீதம் வீழ்ந்ததாக அதே ஆய்வு கூறியது. இரவு வெப்பம் தனியாகச் செய்த வேலையா, சூரிய ஒளியின் மாற்றமும் சேர்ந்ததா என்று பின்னர் விஞ்ஞானிகள் விவாதித்தார்கள். எனினும் இரவு சூடானால் பயிர் பகலில் சம்பாதித்த மாச்சத்தைச் சுவாசத்திலேயே கூடுதலாகச் செலவழிக்கிறது என்பதில் சர்ச்சை இல்லை. மணிக்குள் போய்ச் சேர வேண்டிய சரக்கு வழியிலேயே செலவாகிவிடுகிறது. வியாபாரிகளுக்கு இதைவிட விளக்கம் தேவைப்படாது.

மணி பிடித்த பின்னரும் வெப்பம் விட்டுவிடுவதில்லை. கதிர் வந்து முதல் இருபது நாட்கள் வரை சராசரி வெப்பம் 26, 27 பாகையைத் தாண்டினால் மணிக்குள் மாச்சத்து நெருக்கமாக அடையாது. அரிசியின் வயிற்றில் வெண்மையாகச் சுண்ணாம்பு போல ஒரு பகுதி தெரியும். இந்த அளவு ஜப்பானிய ரகங்களில் பார்த்தது. எமது ரகங்கள் சற்றுக் கூடுதலாகத் தாங்கக்கூடியவை, ஆனால் தத்துவம் ஒன்றுதான். சுண்ணாம்பு விழுந்த அரிசி ஆலையில் நொறுங்கும். நூறு கிலோ நெல்லில் அறுபத்தைந்து கிலோ அளவில் அரிசி எடுக்கும் ஆலைக்காரருக்கு அதில் முழு அரிசி எவ்வளவு, குறுணல் எவ்வளவு என்பதே இலாப நட்டம். ஆகவே ஆலைக்காரரும் வெப்பத்தின் கடனாளிதான். விவசாயிக்குக் கழிவு வைத்ததோடு அவருடைய பங்கு முடிந்துவிடுவதில்லை.

இங்கே கிழக்கு மக்களுக்கு ஓர் அனுகூலம் உண்டு. நெல்லை அவித்துக் குற்றும்போது மாச்சத்து இளகி மீண்டும் இறுகுவதால் வெடிப்பும் சுண்ணாம்பும் பெரும்பாலும் மறைந்து அரிசி முறியாமல் வருகிறது. புழுங்கல் அரிசி உண்ணும் பழக்கம் எம்மை அறியாமலேயே எமக்கு ஒரு காப்புறுதியாக இருந்து வந்திருக்கிறது. பச்சை அரிசிச் சந்தைக்குக் குற்றும் ஆலைகளுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. சிறுபோக நெல்லை எந்தச் சந்தைக்கு அனுப்புவது என்று தீர்மானிக்கும் ஆலைக்காரர்கள் அவ்வருட வெப்பத்தையும் ஒரு தகவலாக எடுத்துக்கொண்டால் நல்லது. பதருக்கு மட்டும் அவிப்பதில் மருந்தில்லை.

இதெல்லாம் புத்தகக் கணக்கு என்று நினைப்பவர்கள் ஜப்பானைப் பார்க்கட்டும். 2023ஆம் ஆண்டுக் கோடை அந்நாட்டில் 1898இலிருந்து அதுவரை பதிவான கோடைகளில் மிக வெப்பமானதாக இருந்தது. நீகாட்டா மாகாணம் கொஷிஹிகரி என்ற புகழ்பெற்ற அரிசியின் தாயகம். வழமையாக அதன் பெரும்பகுதி முதற்தரமாகச் சான்றிதழ் பெறும். அவ்வாண்டு முதற்தரம் பெற்றது ஏறத்தாழ 5 வீதமே. அறுவடையின் நிறை பெரிதாகக் குறையவில்லை என்று புள்ளிவிபரம் சொன்னது. ஆனால் அந்த நெல்லை ஆலையில் தீட்டியபோது வெள்ளை அரிசி குறைவாகவே வந்தது. 2024 கோடையில் பல்பொருள் அங்காடிகளில் அரிசித் தட்டுகள் காலியாயின. நிலநடுக்க எச்சரிக்கையால் மக்கள் வாங்கிச் சேர்த்ததும், சுற்றுலாப் பயணிகள் பெருகியதும், பயிர்ச்செய்கைப் பரப்பைக் குறைத்துவைத்த நீண்டகாலக் கொள்கையும் இதில் சேர்ந்தன. வெப்பத்தின் மீது மட்டும் பழிபோட முடியாது. ஆயினும் 2025 வசந்த காலத்தில் 5 கிலோ அரிசிப் பை 4,000 யென்னைத் தாண்டி, முன்னைய ஆண்டின் விலையைப் போல் இரு மடங்கானது. அரசாங்கம் அவசரக் கையிருப்பைத் திறக்க வேண்டியதாயிற்று. பணமும் தொழில்நுட்பமும் உள்ள நாட்டிலேயே நிலைமை இதுவாக இருந்தது.

அதே நீகாட்டாவில் அதே கோடையில் சின்னொசுக்கே என்ற வேறொரு ரகம் 90 வீதத்துக்கும் மேல் முதற்தரம் பெற்றது. அது வெப்பத்தைத் தாங்குவதற்கென்றே அம்மாகாணம் உருவாக்கி 2017இல் சந்தைக்கு விட்ட ரகம். அத்துடன் அது பிந்தி விளைவது. கொஷிஹிகரி கொதிக்கும் வெயிலில் மணி முற்றும்போது, இது வெயில் தணிந்த பிறகு முற்றுகிறது. விதையின் குணம் பாதி, நாட்காட்டி பாதி.

எமது நாட்டுக்கு வருகிறேன். வெப்பத்தைத் தாங்கும் விதை வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். வேண்டும்தான். இந்தியாவின் என்22 என்ற பழைய ரகம் பூக்கும்போது வெப்பம் தாங்குவதில் உலகப் பிரசித்தம். காட்டு நெல் ஒன்றிலிருந்து பெற்ற பண்பைச் சேர்த்து, வெயில் ஏறுமுன் ஒன்றரை இரண்டு மணித்தியாலம் முந்திப் பூக்கும் நெல்லையும் ஆய்வாளர்கள் உருவாக்கியிருக்கிறார்கள். பத்தலகொடை ஆராய்ச்சி நிலையம் இவற்றைத் தொடர வேண்டும், அதற்கு அரசாங்கம் பணம் ஒதுக்க வேண்டும். ஆனால் ஒரு புதிய ரகம் ஆய்வுக்கூடத்திலிருந்து எமது வட்டைக்கு வந்துசேர ஆண்டுகள் பல செல்லும். நாட்காட்டி இன்றே எம் கையில் இருக்கிறது. அதனை நாம் பயன்படுத்தவில்லை என்பதே எனது வாதம்.

கணக்கு எளிது. வெப்ப வலயத்தில் நெல் பூத்த பின் முற்றுவதற்கு ஏறத்தாழ முப்பது நாள் எடுக்கும். எனவே மூன்றரை மாத நெல், 105 நாள் என்று கொண்டால், விதைத்து 75ஆம் நாளளவில் பூக்கும். மூன்று மாத நெல் 60ஆம் நாளளவில் பூக்கும். ஏப்ரல் 20இல் மூன்றரை மாத நெல் விதைத்தவரின் வயல் ஜூலை 4 அளவில் பூக்கும். அதே நாளில் மூன்று மாத நெல் விதைத்த அடுத்த வயல்காரருடையது ஜூன் 19 அளவில் பூத்துவிடும். தண்ணீர் பிந்தி மே 15இல் விதைத்தவருடையது ஜூலை 29க்குத் தள்ளிப் போகும். மூவரும் ஒரே ஊர், ஒரே குளத்துத் தண்ணீர். ஆனால் வெயிலைப் பொறுத்தவரை மூன்று வெவ்வேறு சீட்டுகளை எடுத்திருக்கிறார்கள்.

எந்தச் சீட்டு நல்லது? வளிமண்டலவியல் திணைக்களத்துக்கு மட்டக்களப்பிலும் பொத்துவிலிலும் திருகோணமலையிலும் நிலையங்கள் உள்ளன. நாளாந்த உச்ச வெப்பமும் இரவு வெப்பமும் அங்கே பதியப்படுகின்றன. கடந்த இருபது ஆண்டுகளில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஒவ்வொரு பத்து நாளிலும் 35 பாகையைத் தாண்டிய நாட்கள் எத்தனை என்று ஒரு பக்கத்தில் அட்டவணை போடுவதற்குப் பேராசிரியர் தேவையில்லை. கணினி தெரிந்த ஒரு பிள்ளை போதும். அந்த ஒரு பக்கம் சிறுபோக ஆரம்பக் கூட்டத்தில் மேசை மீது இருக்க வேண்டும். தண்ணீர் திறக்கும் நாள், விதைப்பு முடிக்க வேண்டிய நாள், எத்தனை மாத நெல் விதைப்பது, மாடுகளை அப்புறப்படுத்தும் நாள் எல்லாம் தீர்மானிக்கப்படுவது அங்கேதான். அறுவடை எந்த நாளில் முடியும் என்று கூட அங்கே கேட்கிறார்கள். எந்த நாளில் பூக்கும் என்று கேட்டு நான் கண்டதில்லை. பிரதேச செயலாளர், நீர்ப்பாசனப் பொறியியலாளர், கமநல சேவை உத்தியோகத்தர், விவசாய அமைப்புத் தலைவர்கள் எல்லோரும் ஒரே கொட்டகையில் அமர்ந்திருக்கும் நாள் அது. அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

ஆட்சேபம் ஒன்று வரும். ஆளுக்கொரு நாளில் விதைத்தால் பூச்சி ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்குத் தாவிக்கொண்டே இருக்கும், ஆகவே எல்லோரும் ஒன்றாக விதைக்க வேண்டும் என்று விவசாயத் திணைக்களம் நீண்டகாலமாகக் கூறி வருகிறது. அது நியாயமான பேச்சு. நான் சொல்வதும் சிதறி விதைப்பதல்ல, கூட்டாக நாளைத் தெரிவுசெய்வது. வட்டை முழுவதும் ஒன்றாக விதைக்கட்டும், ஆனால் அந்த நாளை பூக்கும் வாரத்தை எண்ணிப் பின்னோக்கிக் கணித்து எடுக்கட்டும். இரண்டு வட்டைகளில் காணி உள்ள பெரிய செய்கைக்காரர்கள் ஒன்றில் மூன்று மாதமும் மற்றதில் மூன்றரை மாதமும் போட்டால் ஒரே வார வெயிலில் இரண்டும் அகப்படாது. கடைக்காரர் எல்லாப் பணத்தையும் ஒரே சரக்கில் முடக்குவதில்லை அல்லவா?

தண்ணீர் முறையிலும் இதே கண் வேண்டும். குளத்தில் நீர் குறைந்த வருடத்தில் முறை வைத்துக் கொடுப்பது தவிர்க்க முடியாதது. அப்படிக் கொடுக்கும்போது மட்டம் வெடித்து முடிந்த பயிரிலிருந்து ஒரு நாளை எடுத்துப் பூக்கும் பயிருக்குக் கொடுத்தால் அதே கனஅடித் தண்ணீர் கூடுதல் நெல்லாக மாறும். பூக்கும் வாரத்தில் வயலில் நீர் நிற்க வேண்டும் என்பதுதான் செலவில்லாத முதல் பரிகாரம்.

செலவு செய்து ஏமாறும் வழியும் ஒன்றிருக்கிறது. பதரைக் கண்டதும் பூச்சி மருந்துக் கடைக்கு ஓடுவது. தண்டு துளைப்பான் தாக்கினால் கதிர் முழுவதும் வெளிறி நிற்கும், இழுத்தால் இலகுவாகக் கையோடு வரும். நெல் மூட்டுப்பூச்சி பால் பருவத்தில் உறிஞ்சினால் உமியில் துளையிட்ட இடம் பழுப்பாகத் தெரியும். வெப்பத்தால் மலடான கதிர் பச்சையாகவே நிற்கும், நல்ல மணிகளுக்கிடையே வெற்று உமிகள் அங்குமிங்குமாகக் கலந்திருக்கும், கதிர் கனமில்லாமல் நிமிர்ந்து நிற்கும். மூன்றாவதற்குப் போத்தலில் மருந்து கிடையாது. விற்பவர் என்ன சொன்னாலும் அந்த வாரம் போய்விட்ட வாரம்தான். உண்மையாகவே பூச்சி இருந்து மருந்தடிக்க வேண்டி வந்தாலும், பூத்திருக்கும் காலை நேரத்தில் அடிக்காமல் மாலையில் அடிப்பது நல்லது. வெயில் விட்டுவைத்த பூவை நாமே கெடுக்கக் கூடாது.

இறுதியாக, நட்டத்தை யார் சுமப்பது என்ற விடயம். எமது பகுதிகளில் வயற்காணியின் பெரும்பகுதி குத்தகையில் செய்யப்படுகிறது. குத்தகைப் பணமோ நெல்லோ விதைக்கு முன்பே அறுதியாகப் பேசப்படுகிறது. வெள்ளம் வந்தால் காணிக்காரர் மனமிரங்கிக் குறைத்துக்கொள்வதுண்டு, ஏனெனில் வெள்ளத்தை அவரும் பார்க்கிறார். வெப்பத்தை அவர் பார்ப்பதில்லை. "பயிர் நல்லாத்தானே நிண்டது" என்ற ஒரு வார்த்தையில் குத்தகைக்காரரின் வாய் அடைபட்டுவிடும். மேலே காட்டிய கணக்கில் 180,000 ரூபாவுக்குள் குத்தகையும் அடங்கியிருப்பதைக் கவனியுங்கள். விளைச்சல் கால்வாசி போனாலும் அது அசையாமல் நிற்கிறது. போடியாருக்கு வெயிலில்லை, வட்டி வாங்கும் கடைக்கும் வெயிலில்லை, செய்கைக்காரருக்கு மட்டும் வெயில் என்பது நீதியான பங்கீடு அல்ல. விளைச்சலில் இத்தனை பங்கு என்று பேசும் பங்குச் செய்கை எமக்குப் புதிய விடயமல்ல. அறுதிக் குத்தகையை விட மனமில்லாதவர்கள், ஏக்கருக்கு இத்தனை மூடைக்குக் கீழே போனால் குத்தகையில் இவ்வளவு குறையும் என்று ஒரு வரியையாவது ஒப்பந்தத்தில் சேர்க்கலாம். இரு தரப்பும் கையொப்பமிடும் தாளில் அது ஒரு வரிதான்.

காப்புறுதியிலும் இதே சிக்கல் இருக்கிறது. உத்தியோகத்தர் வயலுக்கு வந்து கண்ணால் பார்த்துச் சேதத்தை மதிப்பிடும் முறை வெள்ளத்துக்கும் யானைக்கும் பொருந்தும். நின்ற பயிரின் உமிக்குள் நடந்த இழப்பை வரம்பில் நின்று எவராலும் மதிப்பிட முடியாது. இதற்குப் பொருத்தமானது வெப்பமானியை அடிப்படையாகக் கொண்ட காப்புறுதி. குறித்த நிலையத்தில், குறித்த வட்டை பூக்கும் பத்து நாட்களில், இத்தனை நாள் வெப்பம் எல்லையைத் தாண்டினால் அந்த வட்டையிலுள்ள அனைவருக்கும் ஏக்கருக்கு இவ்வளவு என்று கொடுத்துவிடலாம். விண்ணப்பம் வேண்டாம், விசாரணை வேண்டாம். மழையை வைத்து இவ்வாறான திட்டங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. குறைபாடும் உண்டு. நிலையம் தூரத்தில் இருந்தால் அங்கே வெயிலும் இங்கே புழுக்கமுமாகக் கணக்குப் பிசகும். ஆகவே ஒவ்வொரு கமநல சேவை நிலையத்திலும் நம்பகமான ஒரு வெப்பமானியும் ஈரப்பதன் மானியும் வேண்டும். அவற்றின் விலை ஒரு நெல் ஆலையின் ஒரு நாள் மின்சாரக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் பெரிதாக இராது. ஆலைச் சங்கங்கள் முன்வந்து வாங்கிக் கொடுத்தால் தமக்கு வரப்போகும் நெல்லில் குறுணல் எவ்வளவு என்பதையும் அறுவடைக்கு முன்பே அவை ஊகித்துக்கொள்ளலாம்.

அடுத்த சிறுபோக ஆரம்பக் கூட்டத்துக்கு இன்னும் காலம் இருக்கிறது. சம்மாந்துறையிலோ, நிந்தவூரிலோ, அக்கரைப்பற்றிலோ, கிண்ணியாவிலோ எங்கே நடந்தாலும், விவசாய அமைப்புகளின் செயலாளர்கள் அந்த இருபது வருட வெப்ப அட்டவணையைக் கேட்டு இப்போதே திணைக்களத்துக்கு ஒரு கடிதம் அனுப்பிவைக்கலாம்.